போன வாரம் பேசியது என்ன ஆச்சு?

கேட்டிருந்த கேள்வி இது: "எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்புக்குச் சமுதாய வானொலி நடத்த அனுமதி கிடைத்திருக்கிறது. ஊர்ப் பிரச்சினை, கலை, பொது விஷயம் மூன்றையும் பேசுகிற மாதிரி வாரம் ஒரு அரைமணி நேர உரையாடல் நிகழ்ச்சி செய்ய ஆசை. ஆனால் செய்தியும் அரசியலும் கூடாது என்கிறார்கள். அப்படியானால் என்னதான் பேசுவது? யாரைக் கூப்பிடுவது? ஊரில் கேட்பார்களா?"

ஒரு சின்ன சமுதாய வானொலியில் ஏழு வருடம் இதே மாதிரி நிகழ்ச்சி செய்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். முதலில் உங்களைப் பயமுறுத்துகிற விதியைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அந்தப் பயத்திலேயே பல நிலையங்கள் சினிமாப் பாட்டும் சமையல் குறிப்புமாகச் சுருங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

சமுதாய வானொலி தானாகச் செய்தி தயாரித்து வாசிக்கக் கூடாது என்பது உண்மை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்தோ, பொருள் மாறாமல் உள்ளூர் மொழியில் பெயர்த்தோ ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆனால் அதே விதிகள் எதெல்லாம் செய்தியில் சேராது என்றும் சொல்கின்றன. வானிலை, போக்குவரத்துத் தகவல், திருவிழா, கலை நிகழ்ச்சி, தேர்வு, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு இவையெல்லாம் செய்தி ஆகாது. நேரடி வர்ணனை இல்லாமல் உள்ளூர் விளையாட்டு பற்றியும் சொல்லலாம். இவற்றோடு குடிநீர், மின்சாரம், பேரிடர், நோய் எச்சரிக்கை போன்றவற்றில் உள்ளூர் நிர்வாகம் தருகிற அறிவிப்புகளும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு கிராமத்தின் அன்றாடத்தில் முக்கால்வாசி இதற்குள் வந்துவிடும். கட்சி அரசியல்தான் வெளியே நிற்கிறது. "எங்கள் தெருவுக்கு ஏன் தண்ணீர் ஏறவில்லை" என்பது ஊர் விஷயம். "யார் வந்ததிலிருந்து ஏறவில்லை" என்று ஆரம்பித்தால் அது வேறு நிகழ்ச்சி. எங்கள் நிலையத்தில் பதிவின்போது கட்சிப் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்தி, "அக்கா, பேர விட்டுட்டு நடந்தத மட்டும் சொல்லுங்க" என்று மறுபடி கேட்போம். இதற்காகவே முதல் ஆறு மாதமாவது நேரலை வேண்டாம், பதிவு செய்து போடுங்கள். ஒலிபரப்பான நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. நாளைக்கு யாராவது "அவதூறாகப் பேசினார்கள்" என்று கிளம்பினால் உங்களுக்கு அந்தப் பதிவுதான் துணை.

விதியைத் தெரிந்துகொள்கிற அளவுக்கு உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். அலைக்கற்றை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் சொன்னது. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 பண்பலை வந்தது, நாட்டிலேயே முதல் சமுதாய வானொலியாக. உங்களைப் போன்ற தொண்டு அமைப்புகளுக்கு 2006 நவம்பரில்தான் அனுமதி கிடைத்தது. 2008 அக்டோபர் 15 அன்று அன்றைய ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ தொடங்கியபோது, அதைத் திறந்துவைத்தவர் அந்த 1995 தீர்ப்பை எழுதிய நீதிபதி பி. பி. சாவந்த். காகிதத்தில் எழுதிய ஒரு வரி, களை எடுக்கப் போகிற ஒரு பெண்ணின் கைக்கு மைக்காக வந்து சேர 13 வருடம் ஆகியிருக்கிறது. பேசத் தயங்கும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்வேன்.

சரி, யாரைக் கூப்பிடுவது? இதில் நாங்கள் முதலில் தப்பாகத்தான் தொடங்கினோம். குடிநீர் பற்றி முதல் நிகழ்ச்சி. ஒரு அலுவலகத்திலிருந்து பொறியாளர் ஒருவரை அழைத்தோம். நல்ல மனிதர், 25 நிமிடம் திட்டங்களைப் பற்றி விளக்கினார். எத்தனை லிட்டர் கொள்ளளவு, எத்தனை கிலோமீட்டர் குழாய், எல்லாம் சரியான தகவல். மறுநாள் டீக்கடையில் விசாரித்தால் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த முறை மேல்தொட்டியின் டேங்க் ஆபரேட்டரையும், கடைசித் தெருவில் குடியிருக்கும் ஒரு அக்காவையும் தொட்டிக்குக் கீழேயே உட்கார வைத்தோம்.

"அண்ணே, காலையில எத்தன மணிக்கு வால்வு தொறக்குறீங்க?"

"அஞ்சரைக்குத் தொறந்து ஏழுக்கு அடைப்பேன்மா. அடுத்த பக்கம் விடணும்ல."

"எங்க தெருவுக்குத் தண்ணி ஏறி வர்றப்பவே ஏழு ஆயிடுதே. கால் கொடம் புடிக்கிறதுக்குள்ள காத்துதான் வருது."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. பதிவில் எட்டு விநாடி காக்கை சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "முன்தெருவுல நாலஞ்சு வீட்டுல மோட்டார் வெச்சு உறிஞ்சுறாங்கம்மா. நான் போய்ச் சொன்னா என்னையத்தான் திட்டுறாங்க." அந்த எட்டு விநாடியை வெட்டிவிடலாம் என்று எடிட்டிங்கில் ஒரு தம்பி சொன்னான். வெட்டவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று வெளியே வருவதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது, அது கேட்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்று விட்டுவிட்டோம். அன்றைக்குச் சாயங்காலமே மூன்று பேர் நிலையத்துக்கு நேரில் வந்தார்கள். இரண்டு பேர் எங்களைத் திட்ட, ஒருவர் தன் தெருவைப் பற்றியும் பேசச் சொல்ல.

அதனால் என் கணக்கு இதுதான்: பிரச்சினையைக் கையால் தொடுகிறவர் ஒருவர், அதனால் அவதிப்படுகிறவர் ஒருவர். இந்த இரண்டு பேர் போதும். அதிகாரி மூன்றாவதாக வரட்டும், அடுத்த வாரம் வரட்டும். டேங்க் ஆபரேட்டர், ரேஷன் கடையில் எடை போடுகிறவர், அங்கன்வாடி ஆயா, கிராம சுகாதார செவிலியர், கடைசி பஸ்ஸின் கண்டக்டர் இவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு ஊர் யாருக்கும் தெரியாது. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். கீழ்மட்ட ஊழியரை மைக் முன்னால் குற்றவாளிபோல நிறுத்திவிடக் கூடாது. அவர் வேலைக்கு ஆபத்து வரும் என்று தோன்றினால் அந்தப் பகுதியைப் போடாதீர்கள். எவ்வளவு நல்ல பகுதியாக இருந்தாலும் சரி.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உரையாடல் நிகழ்ச்சியை ஊர் நம்புவது அதில் பேசிய பேச்சால் அல்ல, அந்தப் பேச்சு திரும்பி வருவதால். எங்களிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. யார் சொன்னது, என்ன சொன்னது, எந்தத் தேதிக்குள் என்று மூன்று கட்டம். ஒவ்வொரு நிகழ்ச்சியும் "போன வாரம் பேசியது என்ன ஆச்சு" என்ற மூன்று நிமிடத்தோடுதான் தொடங்கும். தண்ணீர் விஷயத்தில் இரண்டாவது வாரம் ஊராட்சிச் செயலரைக் கேட்டோம். ஒருநாள் விட்டு ஒருநாள் கடைசித் தெருவுக்கு முதலில் திறப்பதாகச் சொன்னார். அதை அப்படியே போட்டோம். நாலாவது வாரம் அந்த அக்காவிடம் கேட்டால், பத்து நாள் வந்தது, மறுபடி பழையபடி ஆகிவிட்டது என்றார். அதையும் போட்டோம். மறுபடி கேட்டோம். ஐந்து மாதம் இப்படியே போனது. ஒன்பதாவது முறையோ பத்தாவது முறையோ கேட்டபோது முன்தெருக்காரர் ஒருவரே வந்து, "மோட்டார எடுத்துட்டோம், இனிமே எங்க தெரு பேரச் சொல்லாதீங்க" என்றார். அந்த வாரம் தெருப் பெயர் சொல்லாமல் நன்றி சொன்னோம்.

இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1956-இல் புனே பக்கம் ஏறத்தாழ 150 கிராமங்களில் அகில இந்திய வானொலி ஒரு சோதனை செய்தது. ஒவ்வொரு ஊரிலும் இருபது பேர் போல ஒரு குழுவாக உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள், கேட்டு முடித்து விவாதிப்பார்கள், கேள்விகளை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். அதற்குப் பதில் வானொலியிலேயே வரும். இந்தத் திரும்பி வருதல்தான் அதன் உயிர். நம் பக்கத்தில் 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியைக் கேட்டுத் தஞ்சாவூர் விவசாயிகள் ஆடுதுறை 27 ரகத்தை விதைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே ரேடியோ நெல். ஒரு குரலை நம்பி வயலில் விதை போட்டிருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

அதிகாரிகள் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று கட்டாயம் கேட்பீர்கள். வர மாட்டார்கள்தான், முதலில். ஒரு அலுவலகத்துக்கு நாங்கள் நாலு கடிதம் கொடுத்தும் பதிலே இல்லை. நாங்கள் செய்தது, கடிதம் கொடுத்த தேதியையும் அதில் கேட்ட கேள்வியையும் நிகழ்ச்சியில் வாசித்துவிட்டு, "பதில் வந்ததும் முழுசாக வாசிப்போம்" என்று நிறுத்திக்கொண்டோம். குத்தலாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. பதில் வந்தபோது, அது எங்களுக்குப் பிடிக்காத பதிலாக இருந்தும், ஒரு வரி விடாமல் வாசித்தோம். அதற்குப் பிறகு அவர்களே வரத் தொடங்கினார்கள்.

ஊராட்சித் தலைவர் இருக்கும் காலத்தில் தலைவர், இல்லாத காலத்தில் தனி அலுவலர், யாராக இருந்தாலும் கிராம சபைக் கூட்டம் உங்களுக்கு ஒரு நல்ல கைப்பிடி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்தைய வாரம் "சபையில் என்ன கேட்கப் போகிறோம்" என்று ஒரு நிகழ்ச்சி, அடுத்த வாரம் "என்ன தீர்மானம் போட்டார்கள்" என்று ஒரு நிகழ்ச்சி. இதிலேயே வருடத்துக்குப் பன்னிரண்டு நிகழ்ச்சி தேறிவிடும். கட்சி வாடையும் இருக்காது, ஏனென்றால் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருப்பதைத்தான் நீங்கள் பேசுகிறீர்கள்.

எங்கே பதிவு செய்வது? ஸ்டுடியோவுக்கு வெளியே, முடிந்த மட்டும். இலங்கையில் 1981-இல் மகாவலி குடியேற்ற கிராமங்களுக்காகத் தொடங்கிய வானொலியில் தயாரிப்பாளர்கள் ஒரு ஊருக்குப் போனால் நாள்கணக்கில் அங்கேயே தங்கிப் பதிவு செய்வார்கள். கொத்மலையில் 1989-இல் வந்த சமுதாய வானொலி அந்த வழியில் வந்ததுதான். நமக்கு நாள்கணக்கில் தங்க முடியாது, ஆனால் பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் சும்மா உட்கார்ந்து பேசலாம். மைக்கை அப்புறம் எடுக்கலாம். காற்று அடிக்கிற இடம் என்றால் மைக்கின் தலையில் பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டுங்கள், உறுமல் பாதி குறையும். குழாயடிச் சத்தம், ஆடு கத்துவது, பஸ் ஹாரன் எல்லாம் கொஞ்சம் இருக்கட்டும், கேட்கிறவருக்கு இடம் தெரியும்.

பேச்சு மொழியைத் திருத்தாதீர்கள். "வந்துகொண்டிருந்தது" என்று சொல்லிக்கொடுத்தால் அந்த அக்கா அதோடு வாயை மூடிக்கொள்வார். ஆத்தா, அண்ணே, மதினி என்று ஊரில் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே மைக்கிலும் கூப்பிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. சில ஊர்களில் சில தெருக்காரர்களுக்கு மட்டும் "வாங்க" போய் "வா" வரும், வயசில் பெரியவராக இருந்தாலும். உங்கள் நிலையத்தில் அது வரவே கூடாது. மைக்கின் முன்னால் எல்லோருக்கும் "ங்க" உண்டு. இதை நாங்கள் எழுதி ஸ்டுடியோ கதவில் ஒட்டியிருந்தோம்.

கலைக்கு வருகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. கலைஞரைக் கூப்பிட்டு "இந்தக் கலையின் எதிர்காலம் என்ன" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அழிந்துவருகிறது என்பார், நீங்களும் வருத்தப்படுவீர்கள், நிகழ்ச்சி முடிந்துவிடும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். ஒரு பறைக் கலைஞரிடம், காய்ச்சுவதற்கு முன்னால் ஒரு தடவை அடிக்கச் சொன்னோம். சொதசொதவென்று ஒரு சத்தம். அப்புறம் வைக்கோலைக் கொளுத்தி, பறையை அனலில் திருப்பித் திருப்பிக் காட்டினார். நெருப்புப் படபடக்கும் சத்தம் பதிவில் அழகாக விழுந்தது. நடுநடுவே விரலால் சுண்டிப் பார்த்து, "இன்னும் ஏறல, இன்னும் ஏறல" என்கிறார். ஏறிய பிறகு அடித்தார் பாருங்கள், கணீர் என்று. அடிக்குச்சி என்ன மரம், சிண்டுக்குச்சி எதில் சீவுவது, மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே போக, சாவு வீட்டில் எங்கே உட்கார வைப்பார்கள், சாப்பாடு எப்போது கிடைக்கும், கூலி யார் பேசுவது என்று அவராகவே சொல்லத் தொடங்கிவிட்டார். கலை நிகழ்ச்சி என்று தொடங்கியது ஊர் விவகாரமாகி நின்றது. கடைசியில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா என்று கேட்டோம். அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார். அடுத்த வாரம் எப்படிப் பதிவது என்று தனியாக ஒரு நிகழ்ச்சி செய்தோம். நீங்கள் சொன்ன மூன்று தலைப்பும் தனித்தனி இல்லை என்று எனக்குப் புரிந்தது அந்த நாளில்தான்.

ஒப்பாரி பதிவு செய்வதானால் வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள். நல்ல நாளில் வீட்டில் ஒப்பாரி வைப்பதைப் பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள். வயல் வரப்பிலோ ஊருக்கு வெளியே மரத்தடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். பாடி முடித்ததும் உடனே கேள்வி கேட்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள், தண்ணீர் கொடுங்கள். பாடியவர் பெயரை ஒவ்வொரு ஒலிபரப்பிலும் சொல்லுங்கள், கொஞ்சமாவது பணம் கொடுங்கள்.

உரையாடலுக்கு வடிவம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. வில்லுப்பாட்டில் வில்லடிக்கிறவர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார், ஊர்க்காரன் கேட்க நினைக்கிற சந்தேகத்தை நடுவில் கேட்பார். சுப்பு ஆறுமுகம் அதை வைத்தே வானொலியில் எவ்வளவோ பொது விஷயம் பேசினார். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவிடமே வாயாடுவான், புராணக் கதைக்கு நடுவில் உள்ளூர் சங்கதியை இழுப்பான். உங்கள் நிகழ்ச்சியை நடத்துகிற இரண்டு பேரில் ஒருவர் அந்த வேலையைச் செய்யட்டும். விளக்குகிறவர் ஒருவர், "அது எப்படி, எனக்குப் புரியலையே" என்று கேட்கிறவர் ஒருவர். இரண்டாமவருக்குத்தான் அதிகத் திறமை வேண்டும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. 2024 வழிகாட்டுதல்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம், அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய். யார் விளம்பரம் கொடுத்தாலும், உரையாடல் நிகழ்ச்சிக்கு மட்டும் ஊராட்சியில் ஒப்பந்த வேலை எடுப்பவரிடம் வாங்காதீர்கள். நிகழ்ச்சிகளை மேற்பார்க்கிற ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது அதே வழிகாட்டுதல். உங்களுக்கு அது சிரமமே இல்லை.

கடைசிக் கேள்வி, ஊர் கேட்குமா. உங்கள் நிலையத்தின் 100 வாட் ஒலிபரப்பு சமதரையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகும். அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு நாளைக் காலையில் தேவைப்படுகிற ஒன்றை முதலில் கொடுங்கள். பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று மீனவர்களுக்காகத் தொடங்கிய கடல் ஓசை 90.4-ஐப் பாருங்கள். காற்று எவ்வளவு வேகம், அலை எவ்வளவு உயரம் என்று கடலுக்குப் போகிறவருக்கு அது சொல்கிறது. அதற்காகத் திறந்த வானொலி அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், கடல்பாசி எடுக்கிற பெண்கள் பேசுவதும் காதில் விழும். உங்கள் ஊரில் அது எது? பூ மார்க்கெட் விலையா, எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்பதா, மின்தடை நேரமா? அதைக் கண்டுபிடித்து, உரையாடலை அதற்கு ஒட்டி வையுங்கள். ஒரே நிகழ்ச்சியை மூன்று தடவை போடுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரம் ஒன்று, மறுநாள் மதியம் நூறு நாள் வேலைக்காரர்கள் நிழலில் உட்காரும் நேரம் ஒன்று, ஞாயிறு காலை ஒன்று. பட்டன் போனில் இயர்போன் செருகினால் பண்பலை கேட்கும், புது ஸ்மார்ட்போன் பலவற்றில் அந்த வசதியே இல்லை. அதனால் டீக்கடை, தையல் கடை, சலூன் மூன்றுக்கும் ஆளுக்கொரு ரேடியோப் பெட்டி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் செய்த செலவுகளில் இதற்குத்தான் நல்ல பலன் கிடைத்தது.

முதல் பதிவை அடுத்து வருகிற கிராம சபைக்கு முந்தைய வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, மூன்று கட்டம் போட்டு, முதல் பக்கத்தில் தேதி எழுதிவிடுங்கள்.